பச்சை வந்த பீஸ் சிவப்பு டப்பாவுக்குப் போன கதை

டெஸ்டர்ல பீஸை வச்சு மூடினா 'டிக்'னு ஒரு சத்தம்... அப்புறம் சின்னதா ஒரு பீப். பச்சை. ஒரகடத்துல கார் பார்ட்ஸ் கம்பெனில டெக்னீஷியனா இருந்தப்போ நாள் பூரா காதுல அதான். பென்னலூர்ல வூட்டுக்கு வந்து படுத்தாக்கூட கேக்கும்.

என் லைன்ல கடைசி டெஸ்டர்ல இருந்தது செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பொண்ணு, வடக்குப்பட்டுல ஹாஸ்டல். கான்ட்ராக்ட்தான், ஆனா கம்பெனி ரோல்ல எடுக்க அவ பேரு போயிருந்துச்சு. வெளியூர்ல வேலை பாக்குறது அவங்க அப்பாவுக்குப் புடிக்காது. "பர்மனென்ட் ஆகட்டும்ணே, அப்புறம் வாயைத் தொறக்க மாட்டாரு"ன்னு சிரிப்பா.

அந்த நேரம் பாத்து சாஃப்ட்வேர் வெண்டார், ப்ரோக்ராமை மெஷின் பாஷைக்கு மாத்துற கம்பைலரை அப்கிரேடு பண்ணி புது வெர்ஷன் கொண்டாந்தான். ட்ரையலுக்கு செல்வி டெஸ்டர்ல மட்டும் போட்டான். "அதே ப்ரோக்ராம்தான் சார், ஒண்ணுமே மாறல"ன்னான்.

வந்துச்சு பாருங்க வினை. கறுப்பு கனெக்டர் மாடலுக்கு மட்டும் கூடுதலா ஒரு டெஸ்ட் உண்டு. ஸ்கிரீன்ல பச்சை வரும், பீஸ் பெல்ட்ல போகும், கடைசில நிக்கிற கேட் மெஷின் அதை சிவப்பு டப்பால தள்ளிடும். எடுத்துப் பாத்தா பீஸ் நல்லாத்தான் இருக்கும்.

அந்த கனெக்டர் கொஞ்சம் டைட்டு வேற. அவ சரியா மாட்டலன்னு சூப்பர்வைசர் வந்து கத்துவாரு.

"இன்னாமா, மத்த டெஸ்டர்ல எல்லாம் ஒழுங்கா போவுது, உன்னுதுல மட்டும் இன்னா கேடு? அழுத்தி வையேன்!"

"சரியாத்தான் வைக்கேன் சார்... பச்சைதான் வருது."

தினம் ஷிஃப்ட் ஆரம்பத்துல நல்லதுன்னு உறுதியா தெரிஞ்ச மாஸ்டர் பீஸ் வச்சு டெஸ்டரை செக் பண்ணுவோம். அது தப்பித் தவறி கஸ்டமருக்குப் போய்டக்கூடாதுன்னு பெல்ட்டை நிறுத்திட்டுத்தான் வைப்போம். கேட் வரைக்கும் அது போகவே போகாது. மாஸ்டருக்கும் பச்சை. அப்போ மெஷின் நல்லா கீது... தப்பு யாரு? செல்விதான்.

பாவம், அழுத்தி அழுத்தி கட்டைவிரல் வீங்கி, ப்ளாஸ்டர் சுத்திகினு வந்தா. வாரக் கடைசில கான்ட்ராக்டர் ஐடி கார்டை வாங்கிகினு அனுப்பிட்டான். பையோட சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோல ஏறிப் போனா.

அவ எடத்துக்கு வேற பொண்ணு வந்துச்சு... அதே சிவப்பு டப்பா!

அப்பத்தான் எல்லாருக்கும் புத்தி வந்துச்சு. வெண்டார் வந்து ப்ரோக்ராமைத் தொறந்தான். அந்தக் கூடுதல் டெஸ்ட் பாஸானா, பழைய கம்பைலர் அந்த 'ட்ரூ'வை 255ன்னு எழுதி கேட்டுக்கு அனுப்பும். புதுசு 1ன்னு அனுப்புது. கேட்டுக்குத் தெரிஞ்சது 255 மட்டும்தான், வேற எது வந்தாலும் ரிஜெக்ட். வாங்கின டீ ஆறதுக்குள்ள சரி பண்ணிட்டான்.

எச்ஆர்ல போய் சொன்னேன். "அதான் ஆள் போட்டாச்சே"ன்னாங்க.

செல்விக்கு போன் பண்ணேன். விஷயத்தை சொன்னேன்.

"அப்போ நான் சரியாத்தான் வச்சேனா அண்ணே?"

"ஆமாம்மா."

"அதை எங்க அப்பாட்ட ஒரு வார்த்தை சொல்லிருதியளா? லாயக்கில்லன்னு அனுப்பிட்டாவன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டு இருக்காரு..."

போனை அவர்கிட்ட குடுத்தா. எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டுக்கிட்டாரு.

"விடுங்க தம்பி. மெஷின் எங்கயாவது தப்பு பண்ணுமா?"

வச்சுட்டாரு. அப்புறம் அந்த நம்பர் கெடைக்கவே இல்ல.

இப்போ அதே ரோட்டுல வேற கம்பெனி. டெஸ்டிங் முழுக்க என் பொறுப்பு. கம்பைலர் மாறுச்சுன்னா, பெல்ட்டை ஓடவிட்டு மாஸ்டர் பீஸை கேட் வரைக்கும் அனுப்பித்தான் பாப்பேன். "ஏதாவது மாறினா கம்பைலரே வார்னிங் குடுக்கும் சார், எதுக்கு இதெல்லாம்"னு பசங்க சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்.

நேத்தும் ஒரு அப்கிரேடு. பச்சை வந்துச்சு... நான் பீஸ் கூடவே நடந்தேன். கேட் தொறந்து வுட்டுச்சு. பசங்க டீக்குப் போய்ட்டாங்க, நான் அங்கயே நின்னுகினு இருந்தேன்.

அந்த கம்பெனிலயும் டெஸ்டர்லேர்ந்து கேட்டுக்கு நாலு எட்டுதான். அன்னிக்கு அந்தப் பொண்ணு பச்சைதான் வருதுன்னு சொன்னப்போ, ஒருத்தர்கூட நடந்து பாக்கல.