அவசரம் என்று குறித்த ஏகாம்பரம் அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை மாலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஐ.சி.யூ. நர்ஸ் அழைத்தாள். "அக்கா, ஏகாம்பரம் அண்ணன் போய்ட்டாருக்கா. நெஞ்சு வலின்னு நாலு மணிக்குத்தான் கொண்டாந்தாங்க." கொஞ்சம் அழுதாள். பிறகு, "காப்பீட்டு க்ளைம் நீங்க வந்துதான் போடணும்னு எம்.டி. சொல்றாருக்கா" என்றாள். ஒரே அழைப்பில் இரண்டு செய்தி. எங்கள் பிழைப்பு அப்படி. அண்ணன் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் மருத்துவமனைக்கு வந்துபோன எல்லோருக்கும் அவரைத் தெரியும். அரசு காப்பீட்டு கவுன்டரில், ஃபோனில் யாரிடமாவது சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கனத்த ஆள். மணலூர்பேட்டைக்காரர். பக்கத்து நாற்காலியில் நான். அவரோடு பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்பதற்கே ஒரு வாரம் பேசவில்லை.

தெரியாதவர்களுக்காக எங்கள் வேலையைச் சொல்கிறேன். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு குறியீடு உண்டு. அதன் கடைசியில் ஒரு துணைக்குறி சேர்க்க வேண்டும். இடதா வலதா, முதல் முறையா மறுமுறையா, அவசரமா, நாள் குறித்துச் செய்வதா. அது தப்பானால் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து அனுமதி வராது. அண்ணன் அதை வால் என்பார். "வால் இல்லாம அனுப்பாத கலா. போன மாடு அப்படியே திரும்பி வந்துடும்."

ஒருமுறை ஒரு பெரியவரின் கண்ணுக்கு அண்ணனே பக்கத்தை மாற்றிக் குறித்துவிட்டார். எதிரே நின்று பார்த்ததால் வலது இடதாகிவிட்டது. நல்லவேளை, ஆபரேஷன் தியேட்டரில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பக்கம் குறிக்கும் முன் வார்டுக்குப் போவார். எதிரில் நிற்க மாட்டார். கட்டிலில் நோயாளிக்குப் பக்கத்தில், அவர் பார்க்கும் திசையையே பார்த்து உட்கார்ந்துகொள்வார். "இப்ப சொல்லுங்க, எந்தப் பக்கம்?" என்று தன் காலையோ கையையோ தட்டிக் கேட்பார். வார்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் சாலை மறியல் நடந்த காலம் அது. அண்ணனும் விடுப்புப் போட்டுவிட்டு இரண்டு மறியலில் உட்கார்ந்தார். அவர் மகள் அந்த வருஷம் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். "எங்க பொண்ணுக்கு ஒரு சீட்டு கேக்கறது தப்பாம்மா?" என்று என்னிடம் கேட்டார். தப்பில்லை என்றேன். இப்போதும் அதையே சொல்வேன்.

அந்த நாட்களில்தான் கல்வராயன் மலையிலிருந்து ராமாயி வந்தாள். மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு சரிவில் விழுந்து, இடது கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. ஆம்புலன்ஸ் மேலே வரத் தாமதமாகும் என்று கிழங்கு ஏற்றும் வண்டியிலேயே படுக்கவைத்து இறக்கியிருக்கிறார்கள். அடிவாரத்தில் மறியல். ஆம்புலன்ஸுக்கு வழி விட்டவர்கள் லோடு வண்டியை விடவில்லை. உள்ளே ஆள் கிடப்பதாக ஓட்டி வந்தவர் சொன்னதை நம்பவில்லை; தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. காலையில் விழுந்தவள் மறுநாள் விடியற்காலையில் எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

அண்ணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து, எலும்பு முறிவுக் குறியீட்டோடு இடது, அவசரம் என்று குறித்து அனுப்பினார். அவசரம் ஏற்கப்பட்டால் உடனே அறுவை சிகிச்சை செய்யலாம். அரை மணியில் கேள்வி திரும்பி வந்தது. 'காயம் நேற்றுக் காலை. மருத்துவமனையில் சேர்த்தது இன்று. அவசரம் எனக் குறித்தது ஏன்?'

ஃபோனை எடுத்தார். "ரோட்ல மறியல் சார். பொம்பள ராத்திரி பூரா வண்டியிலயே கெடந்திருக்குது."

அந்தப் பக்கத்துக் குரல் மரியாதையாகத்தான் பேசியது. "புரியுதுங்க. ஆனா மறியல்னு போட எங்ககிட்ட கட்டம் இல்லைங்க. நாள் குறிச்ச சிகிச்சைன்னு மாத்தி அனுப்புங்க."

"கால் அழுகிகினு இருக்குதுய்யா! இன்னா நாள் குறிக்கிறது, கல்யாணமா?"

அனுமதி வந்தால்தான் தியேட்டர் என்று எங்கள் நிர்வாகம் கையை விரித்துவிட்டது. கருத்து எழுதும் பெட்டியில் அண்ணன் இப்படி எழுதினார்: 'நோயாளி தாமதிக்கவில்லை. நாங்கள் தாமதிக்க வைத்தோம்.' நாங்கள் என்று ஏன் எழுதுகிறீர்கள் என்றேன். "போன வாரம் நானும் ஒக்காந்தவன்தானே கலா. எத்தினி வண்டிய திருப்பி அனுப்புனேன்னு எனக்கே தெரியல" என்றார். அதற்கும் பதில் வந்தது. ஏற்கத்தக்கதல்ல.

வேறு வழியில்லாமல் மாற்றி அனுப்பினோம். நாள் தள்ளித்தான் அனுமதி வந்தது, எலும்பைச் சேர்த்து வைப்பதற்கு. அதற்குள் சேர்க்கக் கால் இல்லாமல் போயிருந்தது. முழங்காலுக்கு மேல் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு வேறு குறியீடு, புதிய விண்ணப்பம். இந்த முறை அவசரம் என்பதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். அண்ணன் மறுபடியும் வார்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பக்கம் கேட்கவில்லை. ராமாயிதான் கேட்டாள், "கால் இல்லாம எப்பிடி சாமி மலை ஏறுவேன்?"

அவர் எழுந்து கவுன்டருக்கு வந்தார். பிறகு என்னிடம், "கம்ப்யூட்டர்ல இடது வலது எல்லாம் இருக்குது. தப்பு யார் பக்கம்னு கேக்கத்தான் ஒரு கட்டம் இல்ல" என்றார். அதற்குப் பிறகு அவர் எந்த மறியலுக்கும் போகவில்லை. மகளுக்கு அவர் நினைத்த இடமும் கிடைக்கவில்லை. மறியலைக் குறிக்க ஒரு துணைக்குறி வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. சண்டை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஞாயிறு இரவு அவருடைய க்ளைமை நான்தான் போட்டேன். அவசரம் என்று குறித்தேன். திங்கள் காலை கேள்வி வந்தது. 'வலி தொடங்கியது காலை. மருத்துவமனையில் சேர்த்தது மாலை. அவசரம் எனக் குறித்தது ஏன்?'

காரியமெல்லாம் முடிந்து, திரும்பி வந்துவிட்ட அந்த க்ளைமை மறுபடி அனுப்ப ஒரு கையெழுத்துக்காக அண்ணி வந்திருந்தார். வராந்தா பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "வாயுன்னு சொல்லி சோடா குடிச்சிட்டு ஒக்காந்துகினு இருந்தாரும்மா. நாலு தடவ கூப்ட்டேன். வரல. இந்நேரத்துக்குப் போனா அவசரம்னு போட மாட்டானுங்க, செத்த நேரத்துல சரியாயிடும்னு சொன்னாரு."

எதிரில் நின்றிருந்த நான் போய் அவர் பக்கத்தில், அவர் பார்த்த சுவரையே பார்த்து உட்கார்ந்தேன். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம் ஒன்றுதான். இதனால் யார் காலும் பிழைத்ததில்லை. ஆனாலும் வைத்துக்கொள்கிறேன்.

"அவரு இருந்திருந்தா இந்தப் பணத்த வாங்கிக் குடுத்திருப்பாரு இல்லம்மா?" என்று அண்ணி கேட்டார்.

"ஆமாம் அண்ணி" என்றேன். அவர் இருந்திருந்தாலும் அது திரும்பித்தான் வந்திருக்கும்.