கூட்டினால் எட்டு

சனிக்கிழமை காலை என்றால் எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டில் இட்லிக்கு முன்னால் விளம்பரம்தான். ஆங்கிலப் பேப்பரின் பின்பக்கங்களில் பழைய கார்கள் பொடி எழுத்தில் வரிசை கட்டி நிற்கும். நான் படிக்க, என் கணவர் கேட்பார். எண்பதுகளின் தொடக்கம் அது. பழைய வண்டி வாங்க எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பேப்பரைப் பார், போன் போடு, ஸ்கூட்டரில் ஏறிப் போய் நேரில் பார்.

அவருக்கு வேண்டியது ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, கூரையை மடக்கிவிடலாம், கறிகாய்ப் பை வைக்கக்கூட இடம் இருக்காது. வாழ்க்கை முழுக்கக் கம்பெனி வேன் ஓட்டிய மனிதருக்கு இப்படி ஓர் ஆசை. கண் டாக்டர் சொல்லிவிட்டிருந்தார்: பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டே வருகிறது, பகலில் ஓட்டலாம், அதுவும் இன்னும் கொஞ்ச காலத்துக்குத்தான். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவியதும் இவர் சொன்னார், "அதுக்குள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிடணும்." நான் முதலில் அழுதேன், பிறகு திட்டினேன், பிறகு பேப்பரை எடுத்தேன்.

எனக்குக் காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ஒரு வியாதி உண்டு: இவ்வளவு அழகான வண்டியை இந்த ஆள் ஏன் விற்கிறான் என்று தெரிந்தே ஆகவேண்டும். அவர் எஞ்சினைக் குனிந்து பார்ப்பார், நான் உரிமையாளரைக் குடைவேன். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர் பெட்டிகளுக்கு நடுவே நின்று பதில் சொன்னார். காத்தோங்கில் ஒருவருக்கு, காற்றில் தலைமுடி கலைகிறது என்று மனைவி போட்ட சண்டை. இன்னொருவர் எஞ்சின் மூடியைத் திறந்தவர் அப்படியே கண் கலங்கி, "கண்டிப்பா விப்பேன், ஆனா இன்னிக்கு இல்ல" என்று மூடிவிட்டார். அட, இப்படியும் மனிதர்களா என்று வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

கடைசியில் ஒரு சீனர் வீட்டு வாசலில் அந்தச் சிவப்பு வண்டியைப் பார்த்தோம். இவர் உட்கார்ந்தார், சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியதும் இவர் முகத்தில் வந்த சிரிப்பைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. முடிந்தது, வாங்கிவிட்டோம் என்றே நினைத்தேன். இறங்கி முன்பக்கம் போனவரின் உதடு முணுமுணுத்தது. நம்பர் பலகையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"எட்டு, எட்டு, ஒன்னு. கூட்டினா பதினேழு. அதையும் கூட்டினா எட்டு. வேணாம், சனியோட நம்பர்."

உரிமையாளர் இதைக் கவனித்துவிட்டு நம்பர் பலகையைப் பெருமையாகத் தடவிக் கொடுத்தார். "டபுள் எய்ட்! வெரி லக்கி லா!" அவருக்கு லட்சுமியாக வந்தது என் வீட்டுக்காரருக்குச் சனியனாகிவிட்டது.

நான் கோயிலுக்குப் போகும் வீட்டுப் பெண் அல்ல, மாதா கோயிலுக்குப் போகும் வீட்டுப் பெண். எங்கள் சாமியார் எந்த நம்பர் வண்டிக்கும் ஒரே மாதிரிதான் தீர்த்தம் தெளிப்பார். திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து இவர் காதில் கத்தினேன்.

"நம்பரை ஓட்டப் போறீங்களா, வண்டிய ஓட்டப் போறீங்களா?"

"உனக்குத் தெரியாது. எட்டு வர்ற வண்டி வாங்கித்தான் எங்க பெரியப்பா மரத்துல மோதினாரு."

"உங்க பெரியப்பா குடிச்சிட்டு ஓட்டினாரு! எட்டு என்ன செய்யும் பாவம்?"

அதன்பிறகு விளம்பரம் பார்த்துப் போன் போட்டால் முதல் கேள்வியே நம்பர் என்ன என்பதுதான். எதிர்முனையில் இருப்பவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நல்ல நம்பரில் துருப்பிடித்த வண்டிகளாகப் பார்த்துத் திரிந்தோம்.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நினைத்ததைவிட வேகமாகக் குறைகிறதாம். வருடக் கணக்கு இல்லை, மாதக் கணக்கு. சிராங்கூன் ரோட்டில் ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். இவர் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"நம்ம கல்யாணத் தேதியக் கூட்டினா ஆறு. வீட்டு நம்பர் ஒன்னு. ஸ்கூட்டர் அஞ்சு. எல்லாம் பாத்துப் பாத்து எடுத்த நம்பர்."

"சரி, அதுக்கென்ன இப்ப?"

"கண்ணு போவுதா இல்லையா?"

டீயைத் தள்ளி வைத்துவிட்டு அவரே சொன்னார், "எட்டு வந்து புதுசா என்ன செஞ்சிடப் போவுது? அந்தச் சிவப்பு வண்டி இருக்கான்னு கேளு."

டீக்கடைப் போனிலேயே கேட்டேன். இருந்தது. ஏன் இன்னும் விற்கவில்லை என்று என் வியாதிப்படி விசாரித்தேன். எண்ணெய் ஒழுகும் இங்கிலீஷ் வண்டியை யார் தொடுவார்கள் என்று அந்தச் சீனர் சிரித்தார்.

வண்டி வந்ததும் இவர் பக்கத்துக்கு எலுமிச்சம்பழம், என் பக்கத்துக்குத் தீர்த்தம், இரண்டும் நடந்தன. நல்ல வெயிலாகப் பார்த்துக் கூரையை மடக்கிவிட்டு ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் கிளம்பினோம். நான் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பறக்கப்போகிறோம் என்று கதவைப் பிடித்துக்கொண்டேன்.

பறக்கவில்லை. ஊர்ந்தோம். பஸ் முந்தியது, லாரி முந்தியது, ஒரு பால் வேன்கூட ஹாரன் அடித்துக்கொண்டு முந்தியது. எனக்கு மானம் போயிற்று.

"இதுக்கா இத்தனை பாடு? நம்ம ஸ்கூட்டரே இதைவிட வேகமாப் போவுமேங்க!"

அவர் தலையைத் திருப்பித் திருப்பி, சாலையோர மரங்களையும் பெஞ்சில் தூங்கும் ஆட்களையும் கடலில் நிற்கும் கப்பல்களையும் பார்த்துக்கொண்டு வந்தார். அப்படித் திருப்பினால்தான் அவருக்குத் தெரியும்.

"வேகமாப் போனா எதையும் பாக்க முடியாதுடி" என்றார்.

பிடித்திருந்த கதவை விட்டேன். சாலை முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்பி, மறுபக்கத்தைப் பார்ப்பதற்காக அதே வேகத்தில் திரும்பி ஓட்டினார்.