செல்வராணி பெறாத பிள்ளை

ஸ்கந்தபுரத்துச் செல்வராணியைப் பொய்க்காரி என்று ஊர் சொல்கிறது. அந்தப் பொய்யைச் சொன்னது நான்.

ஆம், நானேதான்! பிள்ளையே பெறாத ஒருத்தி, இடப்பெயர்வில் பிள்ளையைப் பறிகொடுத்ததாகப் புத்தகத்தில் எழுதி ஊரை ஏமாற்றினாள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கக்கூடும். அந்தப் புத்தகத்தின் முதற்பக்கத்தைப் பாருங்கள். தொகுப்பாசிரியர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும்.

நான்கு வருடங்களாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது... இதுவும் ஒருவகைக் கோழைத்தனம் என்று எனக்குத் தெரியும்.

நான் கிளிநொச்சியில் தமிழ் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி கிடைத்து வந்த குடும்பம் எங்களுடையது. வெளிநாட்டில் வாழும் எங்கள் பெண்கள் சிலர் சேர்ந்து, தமிழில் பெண்கள் எழுதும் அறிவியல் புனைகதைக்கும் மாயக்கதைக்கும் வருடம் ஒரு விருது கொடுக்கிறார்கள். தகுதியான கதைகளைப் பட்டியலிட்டு அனுப்ப ஒவ்வொரு பகுதியிலும் ஒருத்தி இருப்பாள். வன்னிக்கு நான். விதி மிகவும் இலகு. கதை அந்த வருடத்தில் எழுதியதாக இருக்கவேண்டும், கற்பனையாக இருக்கவேண்டும், அனுபவக் குறிப்பாக எங்கும் அச்சேறியிருக்கக் கூடாது. அச்சேறாத கையெழுத்துப் பிரதியையும் ஏற்றுக்கொள்வார்கள்.

செல்வராணி ஒரு நாள் பாடசாலைக்கு வந்து, செய்தித்தாளில் சுற்றிய, கையால் எழுதி நிரப்பிய கொப்பி ஒன்றைத் தந்தாள். அவளுடைய பெற்றோர் மலையகத்துத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். வயலில் நாற்று நடப் போவாள், களை பிடுங்கப் போவாள். கணவன் அரிசி ஆலையில் வேலை. கலியாணமாகிப் பதினெட்டு வருடம், பிள்ளை இல்லை. எங்களோடு பேசும்போது எங்களைப் போலவே பேசுவாள்.

கொப்பியைத் தந்துவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை இது:

"ரீச்சர், இது நான் கண்டதில்லை. நினைச்சது."

எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! இதைவிட எப்படிச் சொல்வது?

அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லவேண்டும். அதைச் சொல்ல இன்று எஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். ஓர் ஊர் இடம்பெயர்ந்து போய்விடுகிறது. ஊர்க்குளம் தனித்துப்போகிறது. சில நாள் பொறுத்துப் பார்க்கிறது. பிறகு தண்ணீரைப் பாய் மாதிரிச் சுருட்டி, அணைக்கட்டை முதுகில் தூக்கிக்கொண்டு, தன் சனத்தைத் தேடி நடக்கத் தொடங்குகிறது. வழியில் ஒரு தாயும் மகளும் அதைக் காண்கிறார்கள். மகளுக்கு ஆறு வயது, பெயர் தேன்மொழி. அவள் குளிக்கவென்று குளத்துக்குள் இறங்குகிறாள். குளம் நடக்கிறது. அதன் வயிற்றுக்குள்ளே அந்த ஊர் அப்படியே இருக்கிறது. நெல் விளைகிறது, பள்ளிக்கூட மணி அடிக்கிறது, தேன்மொழி அங்கே படித்து வளர்கிறாள். தாய் கரையோரமாகப் பின்னாலேயே நடக்கிறாள். குளம் ஓரிடத்திலும் நிற்பதில்லை. தண்ணீருக்குள்ளிருந்து மகள், அன்று என்ன படித்தாள் என்று ஒவ்வொரு நாளும் தாய்க்குக் கத்திச் சொல்கிறாள்.

வாசித்து முடித்ததும் முதற்பக்கத்துக்குத் திரும்பி மறுபடியும் வாசித்தேன்.

பிறகு ஏன் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை?

முதலில் எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். வன்னிப் பெண் ஒருத்தி இப்படி எழுதினால் அது நடந்ததாகத்தான் இருக்கும். துயரம் தாங்காமல் குளம் நடந்தது என்று எழுதிவிட்டாள், பாவம். இங்கே எல்லோரும் அப்படித்தான் வாசிப்போம். ஒரு பெண் பேனாவைத் தொட்டால், எந்த முகாம், எத்தனை பேரை இழந்தாய் என்றுதான் கேட்போம். கற்பனை செய்யும் உரிமையை எங்களுக்கு நாங்களே கொடுத்ததில்லை.

ஆனால் அவளுக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியுமே! ஆகவே அந்த நியாயம் நிற்காது.

இரண்டாவது நியாயம் கொஞ்சம் உண்மையானது. அதே வருடம் வன்னிப் பெண்களின் போர்க்கால அனுபவங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். மலையக வம்சாவளிப் பெண் ஒருத்தியின் குரல் அதில் இல்லை. பதிப்பித்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கையில் இருந்தது செல்வராணியின் கொப்பி.

மூன்றாவதைச் சொல்லும்போது என் பேனா தயங்குகிறது... அந்த வருடப் பட்டியலில் என் நாவலும் இருந்தது. விண்கலத்துக்கு ஆறு பக்க வர்ணனை, அதில் ஏறிப் போகிறவர்களுக்கு ஆறு வரி. அப்படிப்பட்ட நாவல் அது. எட்டாம் வகுப்புப் படித்த, என் தங்கையின் வயலில் நாற்று நடுகிற ஒருத்தி, நான் இருபது வருடம் முக்கியும் வராததை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். அதைக் கற்பனை என்று ஒத்துக்கொண்டால் அவள் எழுத்தாளர் ஆகிவிடுவாள். அனுபவம் என்று சொன்னால் வெறும் பாதிக்கப்பட்டவள். பாதிக்கப்பட்டவளுக்காக நான் கண்ணீர் விட முடியும். எழுத்தாளரை என்னால் தாங்க முடியாது!

இதுதான் காரணம். மற்ற இரண்டும் இதற்குப் போர்த்திய போர்வைகள்.

அவளிடம், கதையைப் புத்தகத்தில் போடுகிறோம், சின்னத் திருத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்து வைக்கும்போது, கதை எண்டுதானே போடுவியள் என்று கேட்டாள். ஓம் என்றேன்.

பிறகு இருந்து திருத்தினேன். 'அவள் நடந்தாள்' என்றிருந்ததை எல்லாம் 'நான் நடந்தேன்' என்று மாற்றினேன். குளம் நடந்த இடங்களை அடித்துவிட்டு வெள்ளம் என்று போட்டேன். தண்ணீருக்குள் வளர்ந்த தேன்மொழியை இடப்பெயர்வில் காணாமற்போன தேன்மொழி ஆக்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் ஒரு குளத்தையே மறைத்தேன்! படிப்பிக்கிற எனக்கு அந்தத் திறமையாவது இருந்திருக்கிறது.

புத்தகம் வந்தது. என் நாவலுக்கு விருது கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவரும் அதைக் கவனிக்கவேயில்லை.

புத்தகத்தின் ஒரு பிரதி வீதியோரத் தகரக் கொட்டகைக்குப் போயிற்று. காணாமற்போன பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிட்டுத் தாய்மார் ஆண்டுக்கணக்காகக் குந்தியிருக்கும் கொட்டகை. அங்கே பூமணியக்கா இருந்தா. தண்ணீரூற்று என்ற ஊர்க்காரி. மகளைத் தேடித் தேடிக் கால் வீங்கியவ. செல்வராணியின் பக்கங்களை யாரோ வாசித்துக் காட்ட, இப்படி ஒருத்தி தனியாகக் கிடந்து அழுகிறாளே, எங்களோடு வந்து இருக்கட்டும் என்று அவவுக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஸ்கந்தபுரம் போயிருக்கிறா. தேன்மொழியின் படம் ஒன்று தா, எங்கள் பிள்ளைகளோடு தொங்கவிடுவோம் என்று கேட்டிருக்கிறா.

அச்சான புத்தகத்தை அதுவரை கண்டிராத செல்வராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தனக்குப் பிள்ளையே இல்லையே என்றாள்.

அந்த முற்றத்தில் பிறகு என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. பலர் சொல்லக் கேட்டேன். பூமணியக்கா ஏசவில்லையாம். நிலத்தில் இருந்துவிட்டாவாம். பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். எங்கள் மண்ணில் எந்தப் பொய்யையும் மன்னிப்பார்கள். காணாமற்போன பிள்ளை என்று சொல்லும் பொய்யை மன்னிக்கமாட்டார்கள். மன்னிக்கவும் கூடாது.

இரண்டு நாள் கழித்துப் பூமணியக்கா என் வீட்டுக்கு வந்தா. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டா:

"ரீச்சர், அந்தப் பிள்ளை தன்ர வாயால சொன்னதைத்தானே நீங்கள் போட்டனீங்கள்?"

கொப்பி உள்ளே அலுமாரியில் இருந்தது. எட்டு அடி தூரம். எடுத்துவந்து காட்டியிருந்தால் போதும். நான் மாற்றினேன் அக்கா, அவள் எழுதியது கதை என்று ஒரு வரி... ஒரே ஒரு வரி!

"ஓம் அக்கா. அவா சொன்னதைத்தான் போட்டம்."

பூமணியக்கா தலையை ஆட்டிவிட்டுப் போனா. அவவின் செருப்பு ஒன்றின் வார் அறுந்து கயிற்றால் கட்டியிருந்தது. நான் அந்தக் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் செல்வராணியை நாற்று நடக் கூப்பிடுவது குறைந்தது. மலடி பிள்ளையைத் துலைச்சவளாம் என்று குழாயடியில் அவள் காதுபடப் பேசினார்கள். அவள் ஒரு நாள் கொட்டகைக்குத் தனியே போய், எல்லாத் தாய்மாரின் காலிலும் விழுந்து, தெரியாமல் நடந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டாள். செய்யாத பிழைக்கு! அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நான் சும்மா இருக்கவில்லை என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. ஒன்று செய்தேன்தான். விருதுக்காரருக்கு எழுதினேன். ஒரு கற்பனைக் கதை தவறுதலாக அனுபவம் என்று அச்சேறிவிட்டால், மூலப்பிரதியை அனுப்பலாமா என்று கேட்டேன். யார் செய்த தவறு என்று எழுதவில்லை. ஒரு தடவை அப்படி வந்துவிட்டால் இனித் தகுதி இல்லை, வருந்துகிறோம் என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

மூன்று வருடம் இப்படியே போயிற்று. சென்ற மாசியில் எனக்கு ஏதோ ஒரு துணிவு வந்தது. கொப்பியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மகளின் படத்துக்குப் பக்கத்தில் பூமணியக்காவின் படமும் தொங்கியது. தை முடிவில் போய்விட்டா என்றார்கள். அவவுக்காக எழுந்த துணிவு அவவோடு போயிற்று. மற்றத் தாய்மாரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் கொப்பியைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

அங்கிருந்து நேரே ஸ்கந்தபுரம் போனேன். அவளிடமாவது சொல்லிவிடுவது என்று போனேன், இதை நம்புங்கள்.

செல்வராணி மெலிந்திருந்தாள். தேத்தண்ணி போட்டுத் தந்தாள். நான் வாய் திறக்க முன்னமே அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். தன்னால் எனக்கும் கெட்ட பெயர் வந்துவிட்டதாம். அச்சடித்த ஆட்கள்தான் மாற்றிப்போட்டிருப்பார்கள், ரீச்சர் அப்படிச் செய்யமாட்டா என்று கணவனிடம் சண்டை பிடித்தாளாம். கொப்பி பைக்குள்ளேயே இருந்தது.

இப்போதும் எழுதுகிறாயா என்று கேட்டேன். எவ்வளவு கேவலமான கேள்வி! அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"இல்லை ரீச்சர். அவளின்ர பேரைச் சொல்லவும் இப்ப பயமாக் கிடக்கு. எனக்கெண்டு இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்."

நான் எழுந்தேன். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்தேன். அவள் வேலிப் படலை வரை வந்து, கவனமாப் போங்கோ ரீச்சர் என்றாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்று விளங்கியது. பதினெட்டு வருடம் வயிற்றில் தரிக்காத பிள்ளையை அவள் ஒரு குளத்துக்குள் பத்திரமாக வளர்த்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் அனுப்பினாள். படித்ததைக் கேட்டாள். அந்தக் குளத்தை வெள்ளமாக்கி, பிள்ளையைக் காணாமற்போகச் செய்தவள் நான். இந்த ஒரு மரணத்துக்கு ஷெல்லும் இல்லை, இராணுவமும் இல்லை. ஒரு சிவப்புப் பேனா மட்டும்தான்.

இந்த வருடப் படிவம் போன கிழமை வந்தது. இன்னமும் வன்னிக்கு நான்தான் பொறுப்பு. வேறு ஒருவரும் முன்வரவில்லை. வன்னியில் பெண்கள் எழுதிய, விருதுக்குத் தகுதியான படைப்புகள் என்ற இடத்துக்கு வந்தேன். 'எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.