கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு பங்கர்

பக்கத்து வளவில் கிடங்கு வெட்டுகிறார்கள். அந்தப் புதுமண் வாசம் ஜன்னலால் வந்ததும், கீரிமலை வீதியோரம் இப்போது முட்கம்பிக்குள் பற்றையாகிவிட்ட எங்கள் மைதானமும், கோல் கம்பத்துக்குப் பின்னால் குண்டுக்குப் பதுங்கப் பனங்குற்றி அடுக்கி மூடிய பங்கரும் மூச்சுக்குள் வந்துவிட்டன. வேல்ஸ் நாட்டு உதைபந்தாட்டக் கழகமொன்றின் பழைய சிவப்புச் சட்டைகளை மாமா அங்கிருந்து அனுப்பியிருந்தார். அந்தக் கழகம் அவ்வருடம் கீழ்ப்பிரிவுக்கு விழுந்துவிட்டதென்றும் எழுதியிருந்தார். அவற்றைப் போட்டுக்கொண்டு புத்தூர்க்காரரோடு ஆடியது எங்களுக்கும் அவ்வருடத்தின் கடைசி ஆட்டம், தோற்றால் நாங்களும் கீழே. முடியும் தறுவாயில் அவர்களுக்குப் பெனால்டி கிடைத்தது. விசில் ஊதமுன் வானில் ஆமியின் ஹெலிகொப்டர் இரைந்தது. எல்லோரும் சிதறி ஓட, கோலுக்கு நின்ற நானும் அவர்களுக்காகப் பந்தடிக்க வந்த தவமும் அந்த ஒரே பங்கருக்குள் முழங்கால் முட்டக் குந்தியிருந்தோம். மேலிருந்து மண் சொரிந்தது. அவன் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தான்.

“எந்தப் பக்கமடா அடிக்கப்போறாய், கிணத்துப் பக்கமோ றோட்டுப் பக்கமோ?” பயத்தை மறைக்கத்தான் கேட்டேன்.

“கிணத்துப் பக்கம்.”

“போடா, கள்ளன்.”

“சாகப்போற நேரத்திலை பொய் சொல்லுவனே?”

ஹெலி கடலுக்குப் போனது. வெளியே வந்து, மண்ணைத் தட்டாமலே கோலுக்கு நின்றேன். பங்கருக்குள் சொன்னதை வெளியில் வந்து எவன் செய்வான் என்று, அவன் ஓடிவந்து அடித்தபோது மறுபக்கம் பாய்ந்தேன். பந்து கிணற்றுப் பக்கமாகப் போய் வலைக்குள் விழுந்தது.

புத்தூர்க்காரர் துள்ளிக் குதிக்க, தவம் மட்டும் என்னிடம் வந்தான்.

“நான் சொன்னனான் தானேடா,” என்றான், அழுபவனைப் போல.