ஜோன் டீச்சரின் மூன்று மாதம்

மந்தைவெளி வீட்டிலிருந்து அடையாறு பள்ளிக்கூடத்துக்கு, கணவர் இக்னேஷியஸின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பதினெட்டு வருடம் போய்வந்தவர் ஜோன் டீச்சர். இக்னேஷியஸ் கண்ணில் சிவப்பு விளக்கு படாது. ஒருவழிப் பாதையில் தப்பாக நுழைந்துவிட்டு, எதிரே வருகிறவர்களைத் திட்டுவார். ஜோன் கண்களை இறுக மூடிக்கொண்டு ஜெபம் சொல்வார். முதல் பீரியடில் கை நடுங்கும். டீச்சர் கோபமாக இருக்கிறார் என்று பிள்ளைகள் வாயே திறக்கமாட்டார்கள்.

போன ஆகஸ்டில் ஒரு காலை, ஜோனை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இக்னேஷியஸ் சிக்னலைத் தாண்டிப் பாய்ந்தார். சாலையைக் கடந்துகொண்டிருந்த கீரைக்காரம்மா பதறிப்போய் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் போக்குவரத்துக் காவலர் விடவில்லை. லைசென்ஸை மூன்று மாதத்துக்கு முடக்கிவிட்டார்கள்.

கடிதம் வந்த அன்று வீடு துக்க வீடு மாதிரி இருந்தது. ஜோனும் முகத்தைத் தொங்கப்போட்டபடி காப்பி கொடுத்தார். சமையலறைக்குள் வந்த பிறகுதான் நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். இந்த நிம்மதியையும் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டுமோ என்று ஒரு கணம் யோசித்தார்.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திரு.வி.க. பாலத்தில் ஆற்றைக் கண் திறந்து பார்த்தார். அன்று சாக்பீஸ் கையில் ஆடவில்லை.

கீழ்வீட்டு ராஜரத்தினம் ஒரு நாள் படியில் தயங்கி நின்றார். "தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். சார் வண்டி நின்னதுலேர்ந்துதான் பேத்திய தெருவுல சைக்கிள் ஓட்ட வுட்டுக்கினு கீறேன்."

"எனக்கும் இப்பதான் நிம்மதியா இருக்கு," என்றார் ஜோன். அந்த நிம்மதியை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் மாதக் கடைசியில் இக்னேஷியஸ் உற்சாகமாகச் சொன்னார்: "அடுத்த வாரம் லைசென்ஸ் வந்துரும். உனக்கு பஸ் தொல்லை விட்டுச்சு."

"நான் பஸ்லயே போறேங்க. உங்க வண்டியில பயமா இருக்கு."

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னியா?"

"தினமும் சொன்னேன். நீங்க ஹாரன் அடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

இக்னேஷியஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "நேத்து மார்க்கெட்ல அந்தக் கீரைக்காரம்மாவப் பாத்தேன். என்னைக் கண்டதும் சட்டுனு ஓரமா ஒதுங்கிடுச்சு. நான் நடந்துதான் போனேன் ஜோன்," என்றார்.

ஜோன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

லைசென்ஸ் வந்துவிட்டது. இக்னேஷியஸ் இப்போது சிக்னலில் நிற்கிறார், பின்னால் இருப்பவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு. ஜோன் டீச்சர் பஸ்ஸில்தான் போகிறார்.