சிவப்புப் புள்ளியும் கடைவாசலும்

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு மருத்துவச் சாமான் கடையின் அலுவலகத்தில் போன் எடுப்பது என் வேலை. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், படுக்கையில் கிடப்பவர்களுக்கான மெத்தை எல்லாம் விற்கிறோம். பேராக் மாநிலத்தில் பல ஊர்களில் கிளைகள் உண்டு. எங்கள் இணையப் பக்கத்தில் இடத்தின் பெயரைத் தட்டினால், பக்கத்துக் கிளை வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வரும்.

ஒரு மதியம் கமுந்திங்கிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க மேப்பு காட்டுற எடத்துலதான் நிக்கிறேன். இங்க ஃபேக்டரி கேட்டுதான் இருக்கு. கடையே இல்லலா."

அவர் மனைவிக்குச் சர்க்கரை நோயால் ஒரு காலை எடுத்திருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து நேராகச் சக்கர நாற்காலி வாங்க வந்திருக்கிறார். மனைவி காரில் உட்கார்ந்திருந்தார். எங்கள் கிளை பெரிய சாலைக்கு மாறி வெகுநாளாகியிருந்தது. புள்ளியை மட்டும் யாரும் மாற்றவில்லை. நான் வழி சொல்லச் சொல்ல, ஒருவழிச் சாலையில் மாட்டிக்கொண்டு மறுபடியும் அதே கேட்டுக்கே வந்து நின்றார். பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது: "போதுங்க, வீட்டுக்குப் போலாம். வலிக்குது."

"நடக்க முடியாதவங்களுக்குச் சாமான் விக்கிறீங்க. அவங்களையே இப்படி அலைய வச்சா எப்படிக்கா?" என்றார் அவர். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

அன்று மாலையே நாற்காலியை அவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். மனம் ஆறவில்லை. மேலாளரிடம் போனேன்.

"அது வெப்சைட் கம்பெனி வேலைலா. நீங்க போன் எடுத்தா போதும்."

"போன் எடுக்கிறதாலதான் பாஸ் சொல்றேன். சரியான எடத்த நான் கொண்டாறேன். அவங்கள மாத்தச் சொல்லுங்க."

"முடிஞ்சா செய்யுங்க" என்றார், நான் செய்யமாட்டேன் என்ற நம்பிக்கையில்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நாங்கள் குடியிருக்கும் குனோங் ராபாட்டிலிருந்து நானும் கணவரும் காரில் கிளம்புவோம். ஒவ்வொரு கிளையின் வாசலிலும் நின்று போனில் இடத்தைப் பதிந்தேன். படி எங்கே, காரை எவ்வளவு பக்கத்தில் நிறுத்தலாம் என்று பார்த்தேன். பாகான் செராயில் கணவர் வரைபடம் சொன்னபடியே ஓட்டினார். கடைசியில் ஒரு பெரிய சாக்கடைக்கு முன்னால் நின்றோம். எங்கள் கடையின் முதுகு சாக்கடைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. படம் எடுத்தேன்.

"இத எதுக்குப் புடிக்கிற?"

"பாஸு பாக்கட்டும்."

இன்னொரு சிக்கலும் இருந்தது. போனில் பேசுகிறவர்கள் பழைய தோட்டத்துப் பெயரைத்தான் சொல்வார்கள். ரப்பர் மரங்களை வெட்டி வீடுகள் கட்டி, தாமான், அதாவது குடியிருப்பு, என்று புதுப் பெயர் வைத்தாகிவிட்டது. எங்கள் இணையப் பக்கத்துக்குப் புதுப் பெயர் மட்டுமே தெரியும். கோயில் வாசலில் ஒரு அக்காவிடம் கேட்டேன். "தாமான் பேரு கரண்டு பில்லுல மட்டும்தான். யாராச்சும் கேட்டா தோட்டத்துப் பேரதான் சொல்வோம்" என்று சிரித்தார். அன்றிலிருந்து பூசைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பழைய பெயர்களைக் கேட்டு வாங்கினேன்.

வெப்சைட் கம்பெனி முதலில் முடியாது என்றது. வாராவாரம் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதுமே அங்கே பெருமூச்சு விடுவார்கள். சாக்கடைப் படத்தை மேலாளர் மேசையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தவர், தானே அவர்களைக் கூப்பிட்டுக் கத்தினார். அதற்குப் பிறகுதான் வேலை நடந்தது. புள்ளிகள் வாசலுக்கு வந்தன. பழைய பெயரைத் தட்டினாலும் வழி வந்தது.

வழி கேட்டு வரும் அழைப்புகள் குறைந்தன. போன வாரம் ஒரு பெரியவர் கடுப்பாகக் கூப்பிட்டார்.

"கடை முன்னாலதான்மா நிக்கிறேன். பூட்டிக் கெடக்கு!"

அன்று அந்தக் கிளைக்கு மட்டும் விடுமுறை. இணையப் பக்கத்தில் அதைப் போடவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, திறந்திருக்கும் அடுத்த கிளைக்கு வழி சொன்னேன். போனை வைத்த கையோடு வெப்சைட் கம்பெனியைக் கூப்பிட்டேன். எடுத்தவர் பெருமூச்சு விட்டார்.

"சொல்லுங்கக்கா" என்றார்.