என் வீட்டுக்காரர் வானத்தில் செத்த கதை

கரும்பு வெட்டி முடித்துக் காலியாகக் கிடந்த எங்கள் நிலத்தைச் சில நாளைக்கு விமானத் தளமாக மாற்றிக்கொள்ளலாமா என்று சினிமா இயக்குநர் ஒருவர் வந்து கேட்டபோது, நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். சென்னைக்காரர். முப்பது வயதுகூட இருக்காது. திருத்தணியில் தொடங்கி திருவாலங்காடு வரைக்கும் தேடிவிட்டாராம், எங்கள் நிலத்தைப் போல வெறிச்சென்று ஒன்றுகூட இல்லையாம். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டோம்.

“எந்த நாட்டுச் சண்டை தம்பி?” என்று கேட்டேன்.

“அத மட்டும் கேக்காதீங்கக்கா. எதிரி புடிச்சி வெச்சிருக்கிற ஒரு நாடு. அங்க சில பேரு விமானத்தத் திருடி எதிர்த்துப் போராடறாங்க. நாட்டு பேரச் சொன்னா சென்சார்ல சிக்கல்.”

நாட்டுக்குப் பேர் இல்லை. விமானத்துக்கு இன்ஜின் இல்லை. ஒட்டுப்பலகையும் தெர்மோகோலுமாக அது ஒரு மினி லாரியில் துண்டு துண்டாக வந்து இறங்கியது. வாலில் ஒட்டியிருந்த கிளர்ச்சிக் கொடியை மைதா பசையின் வாசனைக்கு எங்கள் மாடு பாதி தின்றுவிட்டது. குண்டு பட்டுக் கிழிந்த மாதிரியே இருக்கிறது என்று இயக்குநர் சந்தோஷப்பட்டார்.

அடுத்து நாயகனும் இல்லாமல் போனார். கிளர்ச்சி விமானிகளின் தலைவனாக நடிக்க வேண்டியவருக்கு டிவி சீரியலில் வாய்ப்பு வந்துவிட்டதாம், போனை அணைத்துவிட்டார். இயக்குநர் வரப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் டிராக்டரில் வந்து இறங்கினார்.

“அண்ணே, வானத்துல பறக்கறதுக்குன்னே வளத்த மீசைண்ணே இது!” என்று துள்ளி எழுந்தார் இயக்குநர்.

என் வீட்டுக்காரருக்கு ராட்டினத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். திருத்தணி மலைக்கோயிலிலிருந்து பஸ் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் மீசையைப் புகழ்ந்தவரிடம் முடியாது என்று அவர் இதுவரை சொன்னதில்லை.

முதல் நாளே சாவுக் காட்சி. ஜேசிபி அன்றைக்கு மட்டும்தான் கிடைக்குமாம். “செத்துட்டு அப்புறமா பறக்கலாம்ண்ணே” என்றார் இயக்குநர். வீட்டுக்காரரை விமானத்தில் உட்காரவைத்து, நெற்றியில் சிவப்புச் சாயம் தடவி, விமானத்தைச் சங்கிலியால் ஜேசிபி கையில் கட்டித் தூக்கினார்கள். கீழே காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்திப் புகை போட்டார்கள். அதுதான் மேகம். பெரிய விசிறி ஒன்று காற்றாக வேலை பார்த்தது.

“கீழ எதிரிய மொறச்சிப் பாருங்கண்ணே!”

“கீழல்லாம் பாக்க மாட்டேன் சார்!”

“விமானின்னா கீழ பாக்கணும்ண்ணே!”

“விமானி பாப்பான். நான் பாக்க மாட்டேன்!”

கண்ணை இறுக மூடிக்கொண்டு உதடு மட்டும் “முருகா, முருகா” என்று அசைந்தது. அதுவே உயிரோட்டமாக இருக்கிறது என்று அப்படியே எடுத்தார்கள். “குண்டு பட்டாச்சு, சாவுங்க” என்றதும் சட்டென்று தலையைத் தொங்கப்போட்டார். நடிப்பே தேவைப்படவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டலைக் கேட்டு வேலை முடிந்தது என்று நினைத்த ஜேசிபி டிரைவர், வண்டியை அணைத்துவிட்டுக் கனகம்மாசத்திரத்துக்கு டீ குடிக்கப் போய்விட்டார். சாவியோடு. என் வீட்டுக்காரர் புகைக்கு நடுவில் செத்தபடியே தொங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து என் மாமியார் சோற்றுத் தூக்குடன் வந்து சேர்ந்தார்.

“ஐயோ நைனா! எம்புள்ளய இன்னாடா பண்ணீங்க?”

“ம்மா! நான் உசுரோடதான் கீறேன்!”

“அப்போ ரத்தம்?”

“சாயம்மா!”

அத்தை நம்பவில்லை. ஒரு மண்கட்டியை எடுத்து விமானத்தின் மீது வீசி, “ஆ!” என்று அவர் கத்திய பிறகுதான் நம்பினார்.

டிரைவர் வந்து இறக்கியதும் அத்தை தீர்ப்புச் சொன்னார். “வெளையாட்டுக்குன்னாலும் செத்தது செத்ததுதான். மலைக்கு வா.” மறுநாள் விடியற்காலையிலேயே மகனை மலைக்கு அழைத்துப்போய் மொட்டை போட்டுவிட்டார். மீசையையும் சேர்த்துத்தான்.

தலையில் சந்தனத்துடன் வந்து நின்றவரைப் பார்த்ததும் இயக்குநர் மறுபடியும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணே, நீங்க சாகறதுக்கு முன்னாடி நடக்கிறதெல்லாம் இன்னிக்குதானே எடுக்கணும்?”

“சாகறதுக்கு முன்னாடி நடக்கிறத செத்தப்புறம் எடுத்தா, அது யாரு தப்பு?” என்று கேட்டார் அத்தை.

மொட்டையை விமானியின் தோல் தொப்பி மறைத்துவிட்டது. மீசையை ஒட்டினார்கள். விமானத்தை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, விசிறியைப் போட்டதும் ஒரு பக்க மீசை பிய்ந்து பறந்து கேமரா மேல் போய் ஒட்டிக்கொண்டது. திரும்ப ஒட்டினால் மறுபக்கம் பறந்தது. கடைசியில், நாட்டு மக்களைப் பார்த்துத் தலைவன் வீர உரை ஆற்றும் காட்சியை முழுக்க முழுக்க முதுகுப் பக்கத்திலிருந்தே எடுத்தார்கள். நாட்டு மக்களாக நின்றவர்கள் வழக்கமாக எங்கள் நிலத்தில் களையெடுக்க வரும் பெண்கள். அடிமைப்பட்டுக் கிடக்கும் ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதை, அழுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் இயக்குநர்.

படம் தியேட்டருக்கு வரவில்லை, இணையத்தில் வந்தது. வீட்டு டிவியில் போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். வீட்டுக்காரருக்கு யாரோ சிங்கம் மாதிரி குரல் கொடுத்திருந்தார்கள். உதடு “முருகா, முருகா” என்று அசைய, குரல் “தாய் மண்ணே, இதோ வருகிறேன்!” என்றது. பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த என் தம்பி, “பாவா, குரல எங்க வாங்கினீங்க?” என்று அவரைக் கேட்டு உருண்டு உருண்டு சிரித்தான்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. எங்கள் சோகைப் புகைதான். அந்தச் சாயத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்தவளே நான்தான். ஆனாலும் திரையில் அவர் தலை சாய்ந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். கடலை கீழே சிந்தியது.

“இன்னா?” என்றார்.

“ஒண்ணுமில்ல. தின்னுங்க.”

இந்த இடத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்த அத்தை, உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

“செத்துட்டானா? வரலாமா?”

“ஆங், செத்துட்டாரு அத்தை. வாங்க” என்றேன்.